குரோமியம் படிந்த நிலம்: எடுப்பதா, கட்டிப்போடுவதா?

நிலத்தில் கன உலோகம் கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் செடி நட்டால் அதை உறிஞ்சிவிடும்?" என்பதுதான். இந்த அத்தியாயம் அதை இரண்டாவது கேள்வியாக வைக்கிறது. முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு. உலோகத்தை மண்ணிலிருந்து வெளியே எடுக்கப் போகிறீர்களா, மண்ணுக்குள்ளேயே அசையவிடாமல் கட்டிப்போடப் போகிறீர்களா? இரண்டுக்கும் செடி வேறு, நடும் முறை வேறு, அறுவடை வேறு, ஆபத்தும் வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்து கெட்ட நிலங்களை மனத்தில் வைத்தே இங்கே படிகள் தரப்பட்டுள்ளன. அந்த நிலங்களைப் பொறுத்தவரை என் முடிவு இதுதான்: செடியைக் கொண்டு குரோமியத்தை எடுத்துவிட முடியாது, கட்டிப்போட முடியும். அதை ஒழுங்காகச் செய்தால் குடும்பத்தையும் கால்நடையையும் கிணற்றையும் காக்கலாம்.

## தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குக் கோட்பாடு

பூச்சிமருந்தோ எண்ணெயோ மண்ணில் கொட்டினால் நுண்ணுயிர்கள் அதைக் காலப்போக்கில் சிதைக்கும். உலோகம் தனிமம், எந்தச் செடியும் எந்த நுண்ணுயிரும் அதைச் சிதைக்க முடியாது. செடியால் ஆகக்கூடியவை இரண்டுதான். வேர்வழி எடுத்து இலையிலும் தண்டிலும் சேர்க்கலாம். அப்போது அறுத்தெடுத்த செடியே நச்சுக் கழிவாகிறது. அல்லது வேரிலும் வேரைச் சுற்றிய மண்ணிலும் பிடித்துவைத்து, காற்றில் புழுதியாகப் பறக்காமலும் மழைநீரில் ஓடாமலும் தடுக்கலாம். முதலாவது உறிஞ்சியெடுத்தல், இரண்டாவது நிலைநிறுத்தல்.

குரோமியத்துக்கு இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். தோல் பதனிடுவதில் ஆவாரம்பட்டைக்கு இருந்த இடத்தை 1970களில் குரோமிய உப்பு பெருமளவு பிடித்துக்கொண்டது. பதனிடும் தொட்டியிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் குரோமியம்-3. அது அதிகம் கரையாது. மண்துகளோடு ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கும். குரோமியம்-6 அப்படியல்ல. தண்ணீரில் எளிதில் கரைந்து கிணற்றுக்கு இறங்கும், தோலைப் புண்ணாக்கும், புழுதியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் குவிந்த லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இருந்தது இந்த வகை. ஆகவே "எங்கள் மண்ணில் குரோமியம் இருக்கிறது" என்று தெரிந்தால் போதாது. எது, எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

## செடி நடுமுன் ஒரு கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அதில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறது, அதை 100க்குக் கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள். வெளியே எடுக்க வேண்டியது 180 கிலோ. செடிகள் குரோமியத்தை வேரில் பிடித்துக்கொள்ளுமே தவிர இலைக்கு ஏற்றுவது மிகக் குறைவு. இலையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்கிறது, ஏக்கருக்கு ஆண்டுக்கு 8 டன் காய்ந்த தழை அறுக்கிறீர்கள் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் வெளியேறுவது 160 கிராம். 180 கிலோவை எடுக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் போடாமல் "ஐந்தே ஆண்டில் நிலம் சுத்தம்" என்று யாராவது நாற்று விற்றால் வாங்காதீர்கள்.

உறிஞ்சியெடுத்தல் எங்குமே ஆகாது என்பதல்ல. டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி ஆர்சனிக்கை வேரில் நிறுத்தாமல் இலைக்கு ஏற்றுகிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். பழஞ்சுவர்களில் தானாக முளைக்கும் பெரணிதான் அது. கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ள ஒரு ஏக்கரை 20க்குக் குறைக்க 18 கிலோ எடுக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த இலை, அதில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் என்றால் ஆண்டுக்கு 2 கிலோ. ஒன்பது ஆண்டு ஆகும். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு தலைமுறைக்குள் முடியும் வேலை. ஆர்சனிக்குக்கு இந்தப் பெரணி செய்வதைக் குரோமியத்துக்குச் செய்யும் செடி நம் வயலில் இல்லை. எனவே கீழே உள்ள படிகள் நிலைநிறுத்தலுக்கானவை.

## படிப்படியாக

1. வரத்தை நிறுத்துங்கள். கழிவுநீர் வாய்க்கால் இன்னும் வயலுக்குள் வருகிறதா, வெள்ளத்தில் கசடு அடித்து வருகிறதா, பாய்ச்சும் கிணற்றிலேயே குரோமியம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரத்து நிற்காத நிலத்தில் செய்யும் வேலை எல்லாம் வீண். மண்ணோடு கிணற்று நீரையும் சோதனைக்குக் கொடுங்கள். நீர் கெட்டிருந்தால் மழைநீரை நம்பியே நடவைத் திட்டமிடுங்கள்.

2. மண்ணெடுத்துச் சோதியுங்கள். நிலத்தை அரை ஏக்கர் பகுதிகளாகப் பிரியுங்கள். வாய்க்கால் ஓரம், தாழ்ந்த மூலை, மேட்டுப் பகுதி ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள்; கசடு தேங்குவது தாழ்வில்தான். ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, குழியின் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவாகக் குறையுங்கள். 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணையும் இதே முறையில் தனியாக எடுங்கள். கழிவு படாத அயல் நிலம் ஒன்றிலிருந்து ஒப்பு மாதிரியும் கட்டாயம் வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகள் சிலவற்றில் குரோமியம் இயல்பாகவே மிகுதி. ஒப்பு மாதிரி இல்லாவிட்டால் இயற்கையாக இருப்பது எது, கழிவால் சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

> குறிப்பு: மாதிரியைச் சுரண்ட எவர்சில்வர் கரண்டி வேண்டாம். எவர்சில்வரில் பத்து சதவீதத்துக்கும் மேல் குரோமியம்தான். மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். மண்வெட்டி பட்ட பக்கத்து மண்ணைச் சீவித் தள்ளிவிட்டு எடுங்கள்.

3. ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். மண்வள அட்டைக்காகச் செய்யும் 12 சோதனைகளில் குரோமியம், ஈயம், காட்மியம் எதுவும் கிடையாது. அட்டையில் எல்லாம் பச்சையாக இருப்பதால் நிலம் நச்சற்றது என்று ஆகிவிடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் போலக் கன உலோகம் பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்தில் ஐந்தைக் கேளுங்கள்: மொத்தக் குரோமியம், குரோமியம்-6, பிஎச், உப்பு அளவைக் காட்டும் ஈசி, அங்ககக் கரிமம். தோல் ஆலை நிலத்தில் குரோமியத்தோடு உப்பும் வரும். பல இடங்களில் செடியை முதலில் கொல்வது அந்த உப்புதான்.

4. நிலத்தை மூன்றாக வகுங்கள். வேளாண் நிலத்துக்குக் கனடா வகுத்த வரம்பு, கிலோவுக்கு மொத்தக் குரோமியம் 64 மில்லிகிராம், குரோமியம்-6 என்றால் வெறும் 0.4. இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரமே இரண்டு வகையின் நச்சு வேற்றுமையைச் சொல்லும். உங்கள் எண்களை இதோடும் ஒப்பு மாதிரியோடும் வைத்துப் பாருங்கள். ஒப்பு மாதிரியை ஒட்டியிருக்கும் பகுதி முதல் வகை. அங்கே கீரையும் கிழங்கும் தவிர்த்துப் பயிர் வைத்து, விளைச்சலையும் ஒருமுறை சோதித்த பிறகே உண்ணலாம். அந்த அளவை மிஞ்சியிருக்கும் பகுதி இரண்டாம் வகை. இந்த அத்தியாயம் அதற்குத்தான். கசடு கண்ணுக்குத் தெரியும்படி குவிந்தோ, மண் மஞ்சளாகக் கசிந்தோ இருக்கும் இடம் மூன்றாம் வகை. அதைக் கிளறாதீர்கள், அதில் எதையும் நடாதீர்கள். அது 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வரக்கூடிய விவகாரம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள்.

5. மண்ணைத் தயார் செய்யுங்கள். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடுங்கள். உரச்சத்துக்காக மட்டுமல்ல: அங்ககப் பொருள் குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக மாற்ற உதவுகிறது, உப்பின் கடுமையையும் தணிக்கிறது. நகரக் குப்பை உரத்தைச் சோதனை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். அதிலேயே ஈயமும் காட்மியமும் இருக்கலாம். மண் ஈரமாக இருக்கும்போது ஒரே ஒரு உழவு, அதுவும் ஆழம் போகாமல். "உலோகம் என்றால் சுண்ணாம்பு" என்ற பொது அறிவுரையை இங்கே பின்பற்றக் கூடாது. அமில மண்ணில் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் சுண்ணாம்பு நல்லது. குரோமியம்-6ஓ காரம் கூடக்கூட எளிதாக நகரும். ஜிப்சம் இட்டுத் தண்ணீர் கட்டி உப்பை வடிப்பதும் குரோமியம்-6 உள்ள நிலத்தில் வேண்டாம். உப்போடு அதுவும் கிணற்றுக்கு இறங்கும்.

6. வெட்டிவேர் வேலி போடுங்கள். நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் வரப்பை உயர்த்தி, அதன் உட்புறம் சரிவுக்குக் குறுக்காக வெட்டிவேர் வரிசை நடுங்கள். தாய்த்தூரைப் பிரித்து ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிளைப்பு இருக்கும்படி எடுங்கள். மேலே 20 சென்டிமீட்டர், கீழே வேர் 8 சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிட்டு, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தி, சுற்றி மண்ணை அழுத்துங்கள். இடைவெளி கூடினால் வேலி ஒன்றுசேராது. மழைநீர் சந்தில் புகுந்து மண்ணை வாரிக்கொண்டு போகும். பருவமழை தொடங்கிய வாரத்தில் நடுவது நல்லது. மழை தவறினால் முதல் மூன்று வாரம் உயிர்த்தண்ணீர் விடுங்கள். வேர் இரண்டு மூன்று மீட்டர் வரை நேராகக் கீழே இறங்கும். ஈசி 8 வரை பெரிதாகத் தளராது.

7. உள்ளே மரமும் தரைமூடியும். வேலிக்கு உட்புறம் 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் புங்கன், வேம்பு, சவுக்கு ஆகியவற்றைக் கலந்து நடுங்கள். உப்பு மிகுந்த மூலையில் புங்கனையும் சவுக்கையும் கூடுதலாக வையுங்கள். குழிக்கு வேறு இடத்து நல்ல மண்ணும் தொழு உரமும் இட்டால் கன்று பிடிக்கும். மரங்களுக்கு நடுவே வெறுந்தரை தெரியாதபடி அருகம்புல்லோ வெட்டிவேரோ பரவட்டும். சீமைக்கருவேலம் உப்பைத் தாங்கும் என்பதற்காக விடாதீர்கள். அதன் நெற்று ஆடுகளை வரவழைக்கும்.

8. வெட்டியதை அங்கேயே போடுங்கள். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவேர்த் தழையை 40 சென்டிமீட்டர் உயரம் விட்டு அறுத்து அதே நிலத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். இலையில் இருப்பது சொற்ப உலோகம். அது வந்த மண்ணுக்கே திரும்பட்டும். கொளுத்தாதீர்கள். எரிக்கும்போது காரச் சாம்பலோடு சேர்ந்து குரோமியம்-3 குரோமியம்-6 ஆக மாறக்கூடும். அடக்கி வைத்த நச்சை நீங்களே அவிழ்த்துவிட்டதாக ஆகும்.

## வழக்கம் காரணமாக நேரும் தவறுகள்

நல்ல பழக்கங்களே இந்த நிலத்தில் ஆபத்தாகின்றன. வெட்டிவேரைக் கட்டிக் குடிதண்ணீர்ப் பானையில் போடுவது நம் வீடுகளின் கோடைக்கால வழக்கம். குரோமியத்தை இந்தச் செடி பிடித்துவைப்பதே வேரில்தான். அந்த வேரைத் தோண்டி விற்றால் வாங்குபவரின் பானைக்கு நச்சு போகிறது. தோண்டிய இடத்தில் மண்ணும் கலைகிறது. கெட்ட நிலத்து வெட்டிவேர் ஒருபோதும் சந்தைக்கு வரக் கூடாது. புங்கந்தழையை வெட்டி நெல்வயலில் மிதிப்பதும் அப்படித்தான். தழையைச் சோதிக்காமல் வேறு வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உண்ணாத பயிர்தானே என்று பருத்தி வைப்பவர்கள் பருத்திக்கொட்டை மாட்டுத் தொட்டிக்குப் போவதை மறந்துவிடுகிறார்கள். சூரியகாந்தியின் பிண்ணாக்கும் தீவனமாகிறது. பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது முதன்மை விளைச்சலை மட்டும் பார்க்காமல், அதன் தழை, தட்டை, கொட்டை, பிண்ணாக்கு ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். எதுவும் வாய்க்கோ தொட்டிக்கோ போகவில்லை என்றால் மட்டுமே அந்தப் பயிர் தகும். கீரை வைத்து "உறிஞ்ச" விடுவது எல்லாவற்றிலும் மோசம். இலைக்காய்கறிகள் காட்மியம் போன்ற உலோகங்களைத் தானியத்தைவிடக் கூடுதலாகச் சேர்ப்பவை, தோட்டத்தில் பச்சையாக நின்றால் யாராவது பறித்துச் சமைக்கவும் செய்வார்கள்.

## எழக்கூடிய மறுப்புகள்

"கடுகை வைத்து ஈயத்தை எடுத்தார்களே, குரோமியத்தை மட்டும் ஏன் எடுக்க முடியாது?" என்று கேட்கலாம். 1990களில் அமெரிக்காவில் நடந்த அந்தச் சோதனைகளில் கடுகு தானாக ஈயத்தை ஏற்றவில்லை. ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றி ஈயத்தைக் கரைத்துக் கொடுத்தார்கள். கரைந்த ஈயம் முழுவதையும் செடி குடிப்பதில்லை. மிச்சம் கீழே இறங்குகிறது. பாலாற்றுப் படுகையில் வயலுக்கு அடியில் இருப்பதுதான் ஊரின் குடிநீர். மேல்மண்ணைச் சுத்தமாக்குகிறேன் என்று நிலத்தடி நீரைக் கெடுக்கும் முறையை எவர் பரிந்துரைத்தாலும் ஏற்காதீர்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது: "உலோகம் அங்கேயே கிடக்கிறது. இதைச் சுத்தம் என்று எப்படிச் சொல்வது?" சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மண்ணில் கிடக்கும் குரோமியம் அங்கே கிடப்பதால் மட்டும் மனிதரைத் தாக்குவதில்லை. புழுதியாக மூச்சுக்கும், விளைச்சலாக வாய்க்கும், கரைந்த நீராகக் கிணற்றுக்கும் போகும் மூன்று வழிகளில்தான் அது வருகிறது. தரைமூடி முதல் வழியை அடைக்கிறது, பயிர்த் தேர்வு இரண்டாவதை. தொழு உரமும் வெட்டிவேர் வேலியும் மூன்றாவதைக் குறுக்குகின்றன. மண்ணை வாரி எடுத்து, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்கு அனுப்புவது ஒரு கசடுக் குவியலுக்குச் சரி. ஏக்கருக்கு 900 டன் மேல்மண்ணை வாரிவிட்டால் அதன்பின் அது வயல் அல்ல.

மூன்றாவது, சாப்பாட்டுக் கேள்வி: "நெல் விளைந்த நிலத்தில் வெட்டிவேர் நட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது?" சவுக்குக் கம்பு சில ஆண்டில் விலைக்கு வரும், பட்டை நீக்கிய கட்டையைச் சோதித்துவிட்டுக் கட்டட வேலைக்கு விற்கலாம், விறகுக்கு வேண்டாம். ஆனாலும் அது நெல்லுக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இழப்பு உழவர் தலையில் விழ வேண்டியதும் அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தத் தோல் ஆலை நிலங்களை வைத்தே உறுதிசெய்தது. அதன் பயன் உங்களுக்குக் கிடைக்க ஆதாரம் வேண்டும். சர்வே எண்ணோடு மாதிரி எடுத்த இடங்களின் வரைபடம், தேதியிட்ட ஆய்வறிக்கைகள், வாரியத்துக்கு எழுதிய கடிதங்களின் ஒப்புகை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

## பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

1. காய்ந்த மண்ணில், காற்றடிக்கும் வேளையில் வெட்டவோ உழவோ வேண்டாம். முந்தின நாள் மாலையில் தெளித்து நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.
2. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, வாயையும் மூக்கையும் இறுக மூடும் முகமூடி மூன்றும் வேண்டும். கையில் காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள்.
3. வயலில் பீடி, வெற்றிலை, சாப்பாடு கூடாது. கைகழுவ நல்ல தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். அந்த வயல் கிணற்றுத் தண்ணீர் ஆகாது.
4. வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். பூட்ஸ் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.
5. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நிலத்துக்குள் விடாதீர்கள்.
6. ஆடு மாடு நுழையாதபடி முள்வேலி அடைத்து, என்ன நிலம் என்று தமிழில் பலகை வையுங்கள். வெட்டிவேரின் இளந்தளிரை ஆடு மேயும்.

## வேலை பலித்ததா என்று பார்ப்பது

மொத்தக் குரோமியம் குறைந்ததா என்று ஆண்டுதோறும் பார்த்து மனம் தளராதீர்கள். அது குறையாது, குறைவது நோக்கமும் அல்ல. பார்க்க வேண்டியவை நான்கு. முதல் ஆண்டு இறுதியில் வெறுந்தரை தெரியும் இடம் எங்கே என்று நடந்து பார்த்து, செத்த தூர்களுக்கு மாற்று நடுங்கள். கோடையிலும் பெருமழைக்குப் பின்னும் கிணற்று நீரில் குரோமியம்-6ஐச் சோதியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மேல்மண்ணிலும் குரோமியம்-6 குறைகிறதா என்று பாருங்கள்; ஏறினால் தொழு உரத்தைக் கூட்டி, வரத்து எங்கிருந்து என்று மறுபடி தேடுங்கள். தாழ்ந்த ஓரத்து வரப்புக்கு வெளியே உள்ள மண்ணை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, உலோகம் வேலியைத் தாண்டவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருக்கும்வரை உங்கள் நிலம் யாருக்கும் தீங்கு செய்யாத நிலம். அதில் மறுபடி உணவு விளைவிக்கலாமா என்பதைச் செடியின் பசுமையையோ ஆண்டுகளின் எண்ணிக்கையையோ வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே சிறு பாத்தியில் விளைவித்த தானியத்தின் ஆய்வறிக்கைதான் சொல்ல வேண்டும். நிலத்தை விற்றாலும் குத்தகைக்கு விட்டாலும் கோப்பையும் கூடவே கொடுங்கள். அடுத்து உழப்போகிறவர் தெரியாமல் வெட்டிவேரைப் பிடுங்கிக் கீரை விதைத்துவிட்டால், இத்தனை ஆண்டு செய்த வேலை ஒரே பட்டத்தில் அழிந்துபோகும்.